ரூபேந்திரன் குடித்தது எது

இரவு ஷிப்டு முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க வேண்டும். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அன்றைக்கு லோஷினியின் புருஷன் ரூபேந்திரனுக்கு முதல் வருடத் திதி. அவனுக்குப் படைக்க ஏல் என்கிற பீர் வகையில் ஒரு போத்தல் வாங்க வேண்டும் என்று இன்னொரு பஸ் பிடித்து ஜொகூர் பாருவுக்கு வந்து, பதினோரு மணிக்குத் திறக்கும் மதுக்கடை வாசலில் பத்து மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் மிளகாய் தேய்த்த மாதிரி எரிந்தன.

செத்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது அந்த வீட்டு வழக்கம். மாமனார் காளியப்பன் பண்டார் தெங்காரா பக்கம் எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிய மனிதர். அவருக்கு வருடா வருடம் கறுப்பு பீர். மாமியார் வெள்ளையம்மா மகனுக்கும் அதையே வைத்தாள். பதினாறாம் நாள் கருமாதிக்கும் கறுப்பு பீர், தீபாவளிப் படையலுக்கும் கறுப்பு பீர். "நம்ம வூட்டு ஆம்பளைங்களுக்கு அதான்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். ரூபேந்திரனோ கடைசி இரண்டு வருடம் கறுப்பு பீரைத் தொட்டதே இல்லை. அது லோஷினிக்குத் தெரியும். அதற்குப் பதிலாக ஏதோ ஏல் குடித்தான் என்பதும் தெரியும், எந்த ஏல் என்பதுதான் தெரியாது. கட்டினவளுக்கே தெரியவில்லையே என்பது வருடம் முழுக்க அவளை அரித்துக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவன் அவன். அங்கே யாரோ பழக்கிவிட்டார்கள். "இது பீர் இல்ல லோஷி, ஏல்" என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னான். "எல்லாம் ஒரே கருமம்தான்" என்று சொல்லிவிட்டு இவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று எவர்சில்வர் மக்கில் ஊற்றிக் குடிப்பான், காலிப் போத்தலை அவனே கொண்டுபோய்ப் போட்டுவிடுவான். சண்டை வராமல் குடிக்கத் தெரிந்த மனுஷன். போன வருடம் கிடங்கிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், அவ்வளவுதான். கூடவே திரிந்த ஜீவன் என்பவனைக் கேட்டால், "ஏல்னா ஏல்தான் லா, பேரெல்லாம் யாரு பாத்தா" என்றான். கூட்டாளியின் லட்சணம் அப்படி.

கடை திறந்தது. சுவர் முழுக்கப் போத்தல்கள். லோஷினிக்கு விழி பிதுங்கியது. ஒவ்வொன்றிலும் அச்சடித்திருந்த சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே போய், எதில் எண் பெரிதாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். பெரிய எண் என்றால் நல்ல சரக்காகத்தான் இருக்கும் என்பது அவள் கணக்கு.

கடைக்காரர் செபஸ்தியன், ஐம்பது வயதைத் தாண்டியவர், போத்தலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாருக்கு தங்கச்சி?"

"வீட்டுக்காரருக்கு அண்ணே. இன்னைக்குத் திதி."

அவர் அந்தப் போத்தலை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நம்பர் பாத்து ஏல் வாங்கக்கூடாதும்மா. அது போதை எவ்ளோன்னுதான் சொல்லும், ருசிய சொல்லாது. அவரு குடிச்சது என்னா நிறம்? கசப்பா, இனிப்பா?"

"தெரியாது அண்ணே. மக்குல குடிப்பாரு."

"அப்ப நான் கொஞ்சம் ஊத்துறேன், குடிச்சுப் பாருங்க."

"விரதம் அண்ணே. படையல் முடியிற வரைக்கும் வாயில எதுவும் வைக்கக்கூடாது."

செபஸ்தியன் தலையைச் சொறிந்தார். பிறகு மூன்று தம்ளர்களை எடுத்து வைத்தார். "மூக்குக்கு விரதம் இல்லையில்ல? மோந்து பாருங்க. ஐஸ்ல வைக்காததாத்தான் தரேன். ரொம்ப ஜில்லுன்னு இருந்தா ஏல்ல வாசமே வராது."

முதல் தம்ளர் கருகிய சீனி மாதிரி இருந்தது. இல்லை. இரண்டாவதில் ரொட்டி வாசம். இல்லை. மூன்றாவது வெளிர் நிறத்தில் இருந்தது. அதைக் கிட்டே கொண்டுபோனதும் பம்பளிமாஸ் தோலை நகத்தால் கீறினது போல ஒரு வாசம் வந்தது. அவள் கை அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் படுத்திருப்பவளின் முகத்துக்குக் கிட்டே குனிந்து, "தூங்கிட்டியா?" என்று ரூபேந்திரன் கேட்கும்போது வந்த வாசம். எத்தனையோ ஞாயிறு அவள் தூங்கவில்லை. மறுநாள் ஷிப்டை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அதை நினைக்க வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. முன்பின் தெரியாத மனிதர் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

"இதுதான் அண்ணே" என்றாள்.

வீட்டில் வெள்ளையம்மா கோழி பிரட்டி, கறுப்பு பீரும் ஊற்றித் தயாராக வைத்திருந்தாள். லோஷினி வாக்குவாதம் எதுவும் பண்ணவில்லை. அதற்குத் தெம்பும் இல்லை. குளித்துவிட்டு வந்து ஏலைத் தம்ளரில் ஊற்றி, கறுப்பு பீருக்குப் பக்கத்தில் இலை ஓரமாக வைத்தாள். மாமியார் முறைத்தாள். சூடம் காட்டி, செத்தவன் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே உட்கார்ந்தார்கள். லோஷினி சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள்.

வெள்ளையம்மாதான் தட்டி எழுப்பினாள். கதவைத் திறந்தபோது சாத்திக் கிடந்த அறை முழுக்க அந்த வாசம். வெள்ளையம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் மெதுவாகப் போய்த் தம்ளரை எடுத்து முகர்ந்தாள்.

"இது அவன் சட்டையில அடிக்குமே. தொவைக்கிறப்ப தெரியும். ஏதோ சென்ட்டுன்னுல்ல நெனச்சேன்."

"இதத்தான் குடிச்சாரு அத்தே."

கிழவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவங்கப்பனுக்குப் புடிச்சத இவனுக்கு வச்சிருக்கேன். வருசம் பூரா வச்சிருக்கேன்." நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். "அவனுக்கு வேற என்னாம்மா புடிக்கும்? சொல்லு, அடுத்த வருசம் வைப்போம்."

லோஷினி யோசித்தாள். அவன் விடியுமுன் கிளம்புவான், அவள் விடிந்தபின் வருவாள். ஏழு வருடம் ஒரே வீட்டில் இப்படித்தான் போயிருந்தது.

"கேட்டதில்ல அத்தே" என்றாள்.

"பெத்தவ, நானே கேட்டதில்ல" என்றாள் வெள்ளையம்மா.