எலுமிச்சை உருண்ட திசை

விற்பனையாளர் கொடுத்த காப்பி நன்றாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, செந்தூலில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடொன்றை வாங்கவிருந்தேன். என்னைப் போலவே வீடு வாங்க வந்திருந்த, கொண்டையில் பேனா செருகிய பெண்மணி, கைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குளியலறைத் தரையில் வைத்தார். நான் பக்தியோடு கைகூப்பினேன்.

"கும்பிடாதீங்க அங்கிள். தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பாக்குறேன் லா."

தண்ணீர் போகும் துளைக்கு முதுகைக் காட்டிவிட்டு, பழம் கதவை நோக்கி ஓடியது.

"பழம்தான் கோணல், அக்கா" என்றார் விற்பனையாளர்.

பெண்மணி இரண்டாவது பழத்தை எடுத்தார். பால்கனியில் நான்தான் உருட்டினேன். அது வரவேற்பறைக்கே வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கையெழுத்துப் போடாமலே திரும்பினேன்.

கதையைக் கேட்ட மனைவி சொன்னாள்: "எங்கப்பா உங்கள உருட்டிப் பாக்காமலே எனக்குக் கட்டி வச்சிட்டாரு."