பீன்ஸ் பள்ளம்

ஏரி, குளம், சதுப்பு என்று நீர் நிற்கும் இடங்களைக் கணக்கெடுக்கும் தற்காலிக வேலை எனக்கு ஏற்காட்டில் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். ஆண்டு முழுவதும் நீர், பருவத்தில் மட்டும் நீர், எப்போதாவது நீர் என்று அதில் மூன்று கட்டங்கள். ஒன்றில்தான் குறி போடலாம்.

சித்திரையில் தலைச்சோலை என்ற ஊருக்குக் கீழே ஒரு பள்ளத்துக்குப் போனேன். தண்ணீர் இல்லை. பீன்ஸ் இருந்தது. அதைப் போட்டவர் நடுவில் நின்றிருந்தார்.

"ஏனுங்க, இதுல எத்தனை மாசம் தண்ணி நிக்குமுங்க?"

"இது வெள்ளாமைக் காடுங்க. பொட்டுத் தண்ணி நிக்காதுங்க."

வரப்பிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "அவரு பேச்ச எழுதாத கண்ணு. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் இடுப்பளவு நிக்கும். நான்தான் சுத்திக்கிட்டுப் பஸ்ஸுக்குப் போறேன்."

"அது போன வருசம். மழை நொம்ப சாஸ்தி."

"நிக்காத வருசம் ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

அவர் யோசித்தார். "நம்ம கல்யாணத்து வருசம்."

பிறகு என்னிடம், "நடந்து பாருங்க, கல்லாட்டம் இருக்கும்" என்றார். நடந்தேன். நாலாவது அடியில் வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது. ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"அந்த எடம் மட்டும்தானுங்க" என்றார் அவர்.

அந்தம்மா வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார். "மேலதான் கண்ணு காஞ்சிருக்கும். அடியில எந்நாளும் ஈரந்தான்."

படிவத்தின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதினேன். அலுவலகத்தில் என் மேலதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு, "எந்தக் கட்டம்?" என்றார்.

"மேல பருவத்துல மட்டும், அடியில வருசம் முழுக்க. ரெண்டு கட்டம் வருதுங்க சார்."

"ஒண்ணு சொல்லுங்க."

பருவ நீர் என்றேன். குறி போட்டார். தப்பென்று சொல்ல முடியாது. ஆனாலும் பாதியை விட்டுவிட்ட மாதிரி எனக்கு இரண்டு நாள் உறுத்தியது.

கார்த்திகையில் வேறொரு குட்டையைப் பார்க்க அந்த வழியாகப் போனேன். பள்ளம் நிறையத் தண்ணீர். மறுபடியும் பீன்ஸ் போட்டிருப்பார் போல, கொடி ஏற நட்ட குச்சிகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அவர் வரப்பில் தனியாக நின்றிருந்தார். பார்க்காததுபோல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

"படிவத்துல என்னன்னு போட்டீங்க?" என்றார்.

"பருவத்துல மட்டும் தண்ணின்னு போட்டிருக்குதுங்க."

கையால் தண்ணீரைக் காட்டினார்.

"அப்ப தையில வடிஞ்சுருமுங்களா?"

"வடியணுமுங்க."

சர்க்கார் சொன்னால் சரிதான் என்று விதை எடுத்துவைக்கப் போனார்.