அடைக்கோழி ஏறிய ஆட்டோ

ஆட்டோவில் ஏறியதும் வெயிலில் சூடான ரெக்சின் வாசனை அடித்தால், என் கை தானாகச் சீட்டைத் தடவிப் பார்க்கும். நேற்று ஆழ்வார்பேட்டையில் டிரைவர் கண்ணாடியில் கவனித்துவிட்டார். "இன்னாம்மா தேடுறே?"

என் சின்ன வயதில் தேனாம்பேட்டையில் நாங்கள் இருந்தபோது நைனாவுக்குக் காய்ச்சல் வந்து, அவருடைய ஆட்டோ நாள்கணக்கில் வாசலிலேயே நின்றது. அவர் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டுவதற்குள் எங்கள் கறுப்புக் கோழி பின்சீட்டில் முட்டையிட்டு, அடைக்கும் உட்கார்ந்துவிட்டது.

"நான் சவாரிக்குப் போவ வேணாமா? சீட்ல கோயி குந்திகினு கீது!" என்று நைனா கத்தினார்.

அம்மா கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, கையெல்லாம் கொத்து வாங்கிக்கொண்டு கோழியைத் தூக்கி அதில் வைத்தாள். அது முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் வெறும் சீட்டில் இறகை விரித்தது. மறுபடி தூக்கினாலும் மறுபடி சீட்டுதான். நைனாவைப் பார்த்து உறுமல் வேறு.

"அது எடம் மாறாது. நீ எடத்தையே மாத்திடு," என்றாள் அம்மா.

நைனா முனகிக்கொண்டே சீட்டைக் கழற்றி, கோழியோடு தூக்கிவந்து அடுப்படி மூலையில் போட்டார். முட்டைகளை அடியில் தள்ளியதும் மகாராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

குஞ்சு பொரிக்கும்வரை சவாரிக்கு வந்தவர்கள் பழைய புடவை திணித்த கோணிப்பையில்தான் உட்கார்ந்தார்கள். சீட்டு எங்கே என்று கேட்டால் நைனா திரும்பாமலே சொல்வார்: "பிரசவத்துக்குப் போய்கீது சார்."

"முட்டை இருக்கான்னு பார்த்தேண்ணா," என்றேன் டிரைவரிடம்.

அடுத்த சிக்னலில் அவருடைய கை மெல்லத் தன் சீட்டுக்கு அடியில் போய்த் துழாவியது.