ஏழு வயதுக்கு எடுத்த சீர்ப் பட்டு

இன்று காலை களம்பூரிலிருந்து ஒரு தாய் ஆரணியில் என் பட்டுக் கடைக்கு வந்தார். மகளுக்கு மஞ்சள் நீராட்டாம், பட்டுப் பாவாடை வேண்டுமாம்.

“பாப்பாவுக்கு எத்தினி வயசும்மா?”

“ஏழுங்க. கிளாஸ்லயே அவதான் ஒசரம்.”

விரித்த பட்டை மடித்து வைத்துவிட்டேன்.

எண்பதுகளில் என் அக்கா மகளும் ஏழு வயதில்தான் பெரியவளானாள். அவளும் அன்று வகுப்பிலேயே உயரம். தாய்மாமன் நான், தனியாகத் தறியில் சொல்லி நெய்த பட்டோடு, மேளம் வைத்துச் சீர் கொண்டுபோனேன். டாக்டரிடம் காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்து வயதோடு அவள் வளர்த்தி நின்றுபோனது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போனார்கள். கல்யாணத்தன்று முகூர்த்தப் பட்டை இடுப்பில் அரை முழம் மடித்துச் சொருகினார்கள்.

“மேளத்துக்குப் பதிலா அன்னிக்கு ஒரு டாக்டர இட்டாந்திருக்கலாமே மாமா” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நாள் குறிச்சிட்டோமேங்க” என்றார் இதைக் கேட்ட களம்பூர் அம்மா.

“பட்டு எங்கயும் போவாதும்மா. ஜல்தியா வேலூர் போய் கொழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்த வயசுல பெரியவளானா வளர்த்தி சீக்கிரமே நின்னுடும், அப்புறம் வராது.”

யோசித்துக்கொண்டே நின்றவர், வேலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

“வந்த கிராக்கிய அனுப்பிட்டியேப்பா” என்று மகன் பேஜாராகிறான்.

பட்டு கேட்டு வந்தவரை டாக்டரிடம் அனுப்பிய வியாபாரி ஆரணியில் வேறு யாராவது உண்டா? இருந்தால் சொல்லுங்கள், மகனிடம் காட்ட வேண்டும்.