இரண்டு வேலுச்சாமியும் ஒரு பொன்னாடையும்

"இந்த இருவரும் ஒரே ஆள்போலத் தெரிகிறது, சேர்த்துவிடவா?" என்று நேற்று என் கைப்பேசி, அதில் பதிந்திருந்த இரண்டு பெயர்களைக் காட்டிக் கேட்டது. ஐயோ வேண்டாம் என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கணவர் பார்த்த பார்வையை விடுங்கள். அந்தத் தோலின் வாசனை என்னை நேராக ஏற்காட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

என் முதல் வேலை அங்கே ஒரு காபி எஸ்டேட்டில். கொட்டச்சேட்டிலும் மஞ்சக்குட்டையிலும் தோட்டங்கள். யார் எவ்வளவு பழம் பறித்தார்கள் என்பது இரண்டு கணினிகளில் தனித்தனி அட்டவணைகளாகக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி, கேட்ட கேள்விக்குப் படம் போட்டுப் பதில் சொல்ல வைப்பதற்கு டேட்டா வேர்ஹவுஸ் என்று பெயர். முதலாளிக்கு வேர்ஹவுஸ் என்றால் ஒரே அர்த்தம்தான். எங்கள் கணினிக் குழு போய்ச் சேர்ந்தபோது மூட்டைகளை வெளியேற்றி, குடோனுக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப் பூட்டும் தொங்கவிட்டிருந்தார்.

"டேட்டா எப்பங்க லாரில வருது? எறக்கறதுக்கு ஆள் சொல்லோணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை; சம்பளம் கொடுப்பவராயிற்றே. அந்தக் குடோனிலேயே எங்களுக்கு மேசை போட்டார்கள். அங்கே ஆரஞ்சுத் தோலும் ஈரச் சாக்கும் கலந்து ஒரு வாசனை எப்போதும் இருக்கும். என் துப்பட்டா இன்றைக்கும் கொஞ்சம் மணக்கிறதோ என்று சந்தேகம்.

டீம் லீடர் சரவணனுக்குத் தன்மேல் அபார நம்பிக்கை. பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி நான்கும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று விதி எழுதினார். நியாயமான விதிதான். ஆனால் கொட்டச்சேட்டில் சின்னசாமி மகன் வேலுச்சாமி இரண்டு பேர். ஒருவர் உள்ளூர்த் தோட்டத்தில் பறித்தார். மற்றவர் ஜீப் ஏறி மஞ்சக்குட்டைக்குப் போய்ப் பறித்தார். பிறந்த தேதியா? பள்ளிக்கூடத்து வாத்தியார் வகுப்புக்கே ஒரே தேதியைப் போட்டுவிட்டிருந்தார்.

ஆகவே இருவர் பறித்ததும் ஒரே கணக்கில் சேர்ந்து, திரையின் வரைபடத்தில் ஒரே ஒரு வேலுச்சாமி எழும்பினார், தென்னைமர உயரத்துக்கு. முதலாளி அசந்துபோனார். "ஆளுன்னா இவந்தானுங்க ஆளு!" ஆண்டு விழாவில் பொன்னாடை என்று அறிவித்துவிட்டார்.

மைக்கில் பெயர் வாசித்தது நான். மேடையின் இந்தப் பக்கம் ஒரு வேலுச்சாமி ஏறினார். அந்தப் பக்கம் இன்னொருவர். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது எங்களைத் தவிர ஊருக்கே தெரியும். சரவணன் நைசாக ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

"எறங்குடா. எம்பேரத்தான் கூப்புட்டாங்க" என்றார் உள்ளூர்க்காரர்.

"எம்பேருந்தான் அது" என்றார் ஜீப்புக்காரர்.

"ஆமா, எம்புள்ளயப் பொண்ணு பாக்க வந்தவங்கள உங்கூட்டுல உக்கார வெச்சு, பஜ்ஜி போட்டுத் திருப்பி அனுப்புனவந்தானே நீ!"

"பொண்ணு பாக்கன்னு அவங்க சொல்லவே இல்லியே! மொளகு வெல கேட்டுக்கிட்டே தின்னாங்க. யாவாரின்னு நெனச்சேன்."

"இத அன்னைக்கே சொல்லறதுக்கு என்ன?"

"நீ எங்க பேச உட்ட?"

மைக்கை அணைக்க எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள். அந்த மகளேதான்.

"அப்பா, அந்த மாப்ள வரக்கூடாதுன்னு நான் கோயில்ல வெளக்குப் போட்டேன். மானம் போவுது, எறங்குங்க!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் உள்ளூர் வேலுச்சாமியின் முகமும் கோணி, கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். இருந்தது ஒரு பொன்னாடை. முதலாளி அதை விரித்து இருவர் தோளிலும் சேர்த்துப் போட்டார். மழையில் ஒரே குடைக்குள் நடப்பவர்கள்போல, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டே இறங்கினார்கள்.

மறுநாள் சரவணன் விதியைத் திருத்தி, வேலுச்சாமி ஒன்று, வேலுச்சாமி இரண்டு என்று பிரித்தார். வேலுச்சாமி இரண்டாக இருக்க இருவருமே சம்மதிக்கவில்லை. "எனக்கு என்ன கொறச்சலுங்க கண்ணு?" என்று ஜீப்புக்காரர் நொந்துகொண்டார். கடைசியில் எந்த அர்த்தமும் இல்லாத இரண்டு நீள எண்களைக் கொடுத்தோம். இருவருக்கும் நொம்ப சந்தோஷம். சரியான முறையே அதுதான் என்று பிற்பாடு படித்தேன்.

எஸ்டேட் கைமாறி இப்போது தங்கும் விடுதி. காபி காயப்போட்ட களத்தில் நீச்சல் குளம். இரண்டு வேலுச்சாமிகளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன தடவை கொட்டச்சேட்டுப் பள்ளியைக் கடந்தபோது உள்ளே பிள்ளைகளின் பெயர் வாசித்து வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்று கடைசிப் பெயர்வரை கேட்டேன். தர்ஷித், ரக்ஷன், நிதர்ஷன். ஒரு வேலுச்சாமிகூட இல்லை.