கேட்காமல் வைத்த பாட்டில்

மதுக்கடை விற்பனையாளரின் நாக்கில் இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு சொட்டுகூடப் பட்டதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குத் தனி மிடுக்கு. மகள் மட்டும் கல்லூரிப் படிவத்தில் அப்பாவின் தொழில் ‘விற்பனை’ என்று எழுதிவிட்டு, மேற்கொண்டு எழுத இடமில்லாததுபோல் பேனாவை மூடிவிடுவாள். பழகிய தலை வரிசையில் தெரிந்தாலே போதும், அந்தத் தலைக்குரிய சரக்கு பலகைக்கு வந்துவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு மூடியையும் திருகித் தளர்த்திக் கொடுப்பார். இதை அவர் மனிதாபிமானம் என்றே நம்பியிருந்தார்.

ஒரு மத்தியானம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தையற்காரர் வந்து நின்றார். ஐந்து மாதமாக ஆளையே காணோம்.

“என்னண்ணே, வழி தெரியாம வந்துட்டீங்களா?” என்று வாய் கிண்டலடிக்க, கை தன்பாட்டுக்கு அவருடைய குவார்ட்டரை எடுத்து, மூடியைத் திருகி, முன்னால் வைத்துவிட்டது.

“வீடு மாத்துறோம்ப்பா. காலி அட்டைப்பெட்டி நாலு கெடைக்குமான்னு…” தையற்காரர் முடிக்கவில்லை. கண் பாட்டிலில் நின்றுவிட்டது.

திரும்ப எடுக்க ஒரு வினாடி போதும். பின்னாலிருந்து எவனோ, “அங்க என்ன குடும்பக் கதையா ஓடுது?” என்று கத்தினான். மூடி திறந்ததை மறுபடி அலமாரியில் வைக்க முடியாதே என்பதுதான் அந்த வினாடியில் விற்பனையாளருக்குத் தோன்றியது. தையற்காரர் எடுத்துக்கொண்டு போனார். பெட்டி கேட்டதை மறந்துவிட்டார்.

மறுநாள் காலை, நான்கு பெட்டிகளை மடித்துக் கட்டிக்கொண்டு விற்பனையாளரே அவர் வீட்டுக்குப் போனார். வாய் வலிக்கத் திட்டினார்களானால் பாரம் குறையும் என்று ஒரு நப்பாசை. அறையெங்கும் பாதி கட்டிய மூட்டைகள். தையல் மிஷினில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார் தையற்காரர். கதவைத் திறந்த மனைவிக்குக் கண் வீங்கியிருந்தது.

“அவர் கேக்கலம்மா. நான்தான் எடுத்து வெச்சேன்.”

அவள் பெட்டிகளை வாங்கிச் சுவரில் சாய்த்தாள்.

தையற்காரர்தான் வாயைத் திறந்தார். “வெச்சது நீ, அஞ்சு மாசமா விட்டிருந்தத மறுபடி குடிச்சது நான். என் பங்கையும் தூக்கிட்டுப் போகலாம்னு வந்தியா? அதையாவது எனக்கு விட்டு வைப்பா.”

திட்டு வாங்க வந்தவருக்கு இது தாங்கவில்லை. கிளம்பப் பார்த்தார்.

“அண்ணே,” என்றாள் மனைவி. “போனது போகட்டும். இன்னைக்கு இவரு வந்து கேட்டா, இல்லைன்னு சொல்லுவீங்களா?”

மாட்டேன் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. சொல்வேன் என்பதற்கும் அவ்வளவுதான். சரக்கு தீர்ந்த நாள் தவிர யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாத நாக்கு இரண்டுக்கும் புரளவில்லை.

“நான் வேணா இன்னைக்கு லீவு போட்டுடுறேன்மா.”

“அப்ப கடையில யாரு நிப்பா?”

“இன்னொருத்தர்.”

“அவரு குடுப்பாரா?”

“அவருக்கு இவரைத் தெரியாது. கேட்டாத்தான் குடுப்பாரு.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மனைவி கதவைச் சாத்தவில்லை. அவரே வெளியே வந்து, சத்தம் வராமல் சாத்திக்கொண்டார்.