பூட்டிக் கிடந்த மாடிக் கதவு

சைதாப்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கத்தில், ஒரே வீட்டில் மூன்று குடித்தனமாக இருந்தோம். வீட்டுக்காரர் மயிலாப்பூர்வாசி. நாங்கள் வடாம் காய வைத்துத் தரையைக் கெடுத்துவிடுவோமென்று, மாடிப்படிக்குக் கீழே இருந்த கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விட்டார். "மழைக்காலத்துக்காவது திறந்து விடுங்கள்" என்று கேட்டதற்கு, "இங்கே எப்போம்மா வெள்ளம் வந்தது?" என்று சிரித்தார்.

போன ஐப்பசியில் புயலடித்த அன்று, ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆறு வீட்டுக்குள் புகுந்துவிட்டது. தெருவில் கால் வைக்க முடியாத இழுப்பு. தண்ணீர் இடுப்புவரை ஏறிவிட்டது. பக்கத்துக் குடித்தனக் கனகம், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "அக்கா, இன்னாக்கா செய்யறது?" என்று அலறினாள். நான் தண்ணீருக்குள் துழாவி அம்மிக் குழவியை எடுத்து, கை மரத்துப்போகும் மட்டும் இடித்தேன். பூட்டு அசையவில்லை, கதவுதான் பிளந்தது. எல்லோரும் மாடிக்கு ஏறித் தப்பினோம்.

வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்காரர் வந்தார். குழந்தை எப்படியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைத் தடவிப் பார்த்து, "தேக்கும்மா இது! ஆள் அனுப்பியிருந்தா சாவி கொடுத்திருப்பேனே" என்றார்.

"அந்த ஆள் நீந்தியா வருவான்?" என்று கத்தினேன். இதை எழுதும்போதும் என் வயிறு எரிகிறது.

சகோதரிகளே, இப்போது வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். மாடிச் சாவி என் கைக்கு வந்த பிறகுதான் இங்கே பால் காய்ச்சினேன்.